உருபுகளைப் பையில் கட்டியவர்

இது நடந்தபோது நான் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால், இல்லாத என்னிடம் கேட்டுக்கொள்வதுதான் உங்களுக்கு நல்லது.

காகசஸ் மலைகளில், மிங்கி தாவ் என்று அந்தப் பக்கத்து ஜனங்கள் அழைக்கிற இரட்டைத் தலை வெள்ளை மலைக்கு அடியில், கோக்தாஷ் என்று ஓர் ஊர் இருந்தது. அறுபது வீடு, அறுநூறு ஆடு, ஒரு பள்ளிக்கூடம், தகரக் கூரை போட்ட ஓர் அலுவலகம், ஊர் உச்சியில் மர்ஜியத் என்கிற நாற்பது வயதுப் பெண்ணின் வீடு, அந்த வீட்டு வாசலில் கோலி சோடாவை உடைத்த மாதிரி ஓயாமல் பொங்குகிற ஓர் ஊற்று. ஊர்க்காரர்கள் பேசியது கராச்சாய்-பால்கர் மொழி. நம்முடையதைப் போலவே பெயருக்குப் பின்னால் வால் ஒட்டிப் பேசுகிற மொழிதான். வீட்டுக்கு அவர்கள் சொல் ‘உய்’. நம் மொழியில் அதே எழுத்துக்குப் பிழைத்துக்கொள் என்று பொருள்; தற்செயல்தான், ஆனாலும் நான் விடுவதாக இல்லை. ‘உயும்’ என்றால் என் வீடு. ‘உயுபுஸ்’ என்றால் எங்கள் வீடு.

ஒரு காலத்தில் அந்த ஜனத்தை மொத்தமாக, ஒரே நாளில், ஆடு மாடுகளை ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி எங்கோ புல்வெளித் தேசத்துக்கு அனுப்பிவிட்டார்கள். வீடு இல்லாத அந்தப் பதின்மூன்று வருஷமும் அவர்கள் ‘உயுபுஸ்’ என்ற சொல்லுக்குள்தான் குடியிருந்தார்கள். குளிருக்கு அதைத்தான் போர்த்திக்கொண்டார்கள், பிள்ளைகள் அழுதால் அதைத்தான் ஊட்டினார்கள். மர்ஜியத் அந்தச் சொல்லைக் கற்றபோது அவள் வீடு என்று ஒன்றைப் பார்த்ததே இல்லை. திரும்பி வந்து, வளர்ந்து, கல்யாணமாகி, புருஷனும் அவளுமாகக் கல் மேல் கல் வைத்து அந்த உச்சி வீட்டைக் கட்டினார்கள். புருஷனைப் பனிச்சரிவு கொண்டுபோனது. மிஞ்சியது வீடும் ஊற்றும், லோக்மான் என்கிற கொழுந்தனும். லோக்மான் அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளன். அண்ணன் இல்லாத வீட்டில் தங்கக் கூச்சப்பட்டு அலுவலகத்திலேயே படுத்துக்கொள்வான். மத்தியானம் மட்டும் மேலே ஏறிவந்து, உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்து அண்ணி சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டு இறங்கிப்போவான்.

பனி உருகிய ஒரு மாதத்தில், கீழேயிருந்து ஓர் அதிகாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குப் பெயர் இருந்தது, ஆனால் அவர் இடது கையில் மைப்பெட்டியும் வலது கையில் முத்திரைக் கட்டையுமாகவே நடந்ததால் ஊர் அவருக்கு முத்திரைக்காரர் என்று வைத்துவிட்டது. வந்தவர் ஜனங்களைக் கூட்டி ஒரு காகிதத்தை விரித்தார். இன்று நண்பகல் முதல் இந்தப் பள்ளத்தாக்கில் எதுவும் யாருடையதும் இல்லை என்று அதில் இருந்தது. எந்த ஆணையும் ஜனங்கள் பேசும் பாஷையில் உரக்க வாசிக்கப்பட வேண்டும், வாசித்ததை அப்படியே அடியில் எழுத வேண்டும், எழுதியதன் மேல் முத்திரை விழ வேண்டும், விழுந்துவிட்டால் பிறகு மேலே இருப்பவரே வந்தாலும் மாற்ற முடியாது, இது அங்கத்திய சட்டம். லோக்மான் வாசித்தான், எழுதினான், முத்திரை விழுந்தது, சூரியன் உச்சிக்கு வந்தது, ஊரில் எல்லோர் வாயிலிருந்தும் உடைமை உருபுகள் உதிர ஆரம்பித்தன.

பார்லி மணி அளவுதான் ஒவ்வொன்றும். ‘என்’ கொஞ்சம் கறுப்பு, ‘உன்’ கொஞ்சம் செம்மண் நிறம், ‘எங்கள்’ மட்டும் கனம், விழுந்தால் சத்தம் கேட்கும். பேசப் பேசக் கொட்டியது. பெண்கள் விளக்குமாறு எடுத்துவந்து கூட்டினார்கள். ஒரு கோழி ஓடிவந்து பத்துப் பன்னிரண்டு ‘என்’னைக் கொத்தித் தின்றுவிட்டு, ஊரிலேயே சொந்தக்காரி தான்தான் என்பதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தது.

முத்திரைக்காரர் ஏழு கம்பளிப் பைகளை விரித்தார். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது என்று பள்ளிக்கூடத்து இலக்கண வாத்தியார் அதில்கெரியைக் கூப்பிட்டார். அதில்கெரி ஒட்டகம் மாதிரி மெல்ல நடந்து மெல்லப் பேசுகிற மனிதர்.

“உடைமை காட்டுகிற உருபெல்லாம் எது எது, சொல்லும்.”

“இம், இங், இ, இபிஸ், இகிஸ், லாரி,” என்றார் வாத்தியார். “அப்புறம் ‘நி’. மர்ஜியத்துடைய, லோக்மானுடைய என்று சொல்ல வேண்டுமானால் பெயருக்குப் பின்னால் வருவது. முன்னால் நிற்கிற எழுத்துக்குத் தகுந்தபடி ‘நு’ என்றும் வாயைக் குவித்துக்கொள்ளும்.”

“அதையும் அள்ளு.”

அள்ளினார்கள். இப்போது நான் உங்களுக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன், அதை வாத்தியார் முத்திரைக்காரருக்குச் சொல்லவில்லை. நமக்கு ‘உடைய’ வேறு, ‘ஐ’ வேறு. கராச்சாய்-பால்கரில் இரண்டு வேலையையும் அந்த ஒரே ‘நி’தான் பார்க்கிறது. வீட்டினுடைய என்றாலும் நி, வீட்டை என்றாலும் நி. ஒன்றைப் பிடித்துப் பையில் போட்டால் இரண்டும் போச்சு. வாத்தியார் ஏன் சொல்லவில்லை என்று பின்னால் கேட்டதற்கு, உடைமை உருபைத்தானே கேட்டார், செயப்படுபொருளைக் கேட்கவில்லையே என்றாராம். இலக்கண வாத்தியார்கள் எதையும் மறப்பதில்லை.

ஏழு பைகளையும் கட்டி, அரக்கு வைத்து, அலுவலகத்தின் உள் அறையில் அடுக்கிப் பூட்டினார் முத்திரைக்காரர். ஊர் எப்படியோ பழகிக்கொண்டது. பிள்ளை சாப்பிட வா என்று ஒருத்தி கூப்பிட்டால் ஊரில் இருந்த அத்தனை பிள்ளைகளும் வந்து உட்கார்ந்தார்கள், அவளும் மாவு இன்னும் கொஞ்சம் பிசைந்தாள். கதவு மூடு என்றால் எந்தக் கதவு என்று தெரியாமல் கையில் அகப்பட்ட கதவை மூடினார்கள். பல் வலிக்கிறது என்று ஒருவன் சொன்னான், யார் பல் என்று அவனால் சொல்ல முடியவில்லை, மூன்று பேர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், வைத்தியன் நாலாவது ஆளின் பல்லைப் பிடுங்கினான், வலி நின்றது. வைக்கோல் புல்வெளிக்காக இருபது வருஷம் அடித்துக்கொண்ட இரண்டு பேர் வேலிக்கு இரு பக்கமும் நின்று வாயைத் திறந்தார்கள், என் என்றும் வரவில்லை, உன் என்றும் வரவில்லை, உன் அப்பன் என்று திட்டவும் வழியில்லை, கடைசியில் பேச ஒன்றுமில்லாமல் ஒருவன் மற்றவனிடம் புகையிலை கேட்டான். தொழுகையில் ‘என் தகப்பனுக்காக’ என்று வராததால் தகப்பனுக்காக என்று மட்டும் வேண்டினார்கள், இடுகாட்டில் எல்லாக் கல்லிலும் பனி சேர்ந்தாற்போல் உருகியது. பார்த்தீர்களா, சண்டையே இல்லை என்று முத்திரைக்காரர் கீழே கடிதம் எழுதினார்.

மர்ஜியத் மட்டும் பழகவில்லை. அந்த ஜனத்தின் உறவுச் சொற்கள் எதையும் வால் இல்லாமல் சொல்ல முடியாது. கொழுந்தனே என்று வெறுமனே கூப்பிட்டால் அது தெருவில் போகிறவனைக் கூப்பிட்டதாகும், புருஷன் வீட்டு ஆம்பிளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வழக்கமில்லை. எனவே மத்தியானம் ரொட்டியை வைத்துக்கொண்டு அவள் வாசலில் நின்றாள், கூப்பிட முடியவில்லை. கூப்பிடாத வீட்டுக்கு எப்படிப் போவது என்று லோக்மான் கீழேயே நின்றான். ரொட்டி ஆறியது. இரண்டாம் நாளும் ஆறியது. மூன்றாம் நாள் அவள் ஊற்றுத் தண்ணீரில் முகம் கழுவி, வீட்டைப் பார்த்து நின்று, ‘உய்’ என்று ஆரம்பித்தாள். வால் வரவில்லை. அவள் வாயை மூடவில்லை. வால் எவ்வளவு நேரம் ஒலிக்குமோ அவ்வளவு நேரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டு, பிறகுதான் மூடினாள்.

பக்கத்து வீட்டுக்காரி அதைக் கேட்டாள், அதாவது கேளாததைக் கேட்டாள். சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்க அந்த இடைவெளி பரவிவிட்டது. ஆடு, என்று சொல்லி ஒரு மூச்சு நின்றார்கள். மகள், என்று சொல்லி ஒரு மூச்சு நின்றார்கள். முத்திரைக்காரருக்கு அது எட்டியது. எட்டாவது பையை எடுத்துக்கொண்டு மேலே ஏறிவந்து மர்ஜியத்தின் வாய்க்கு எதிரே விரித்துப் பிடித்தார்.

“இதில் சொல்லு,” என்றார்.

“உய்,” என்று சொல்லி அவள் மூச்சைப் பிடித்தாள்.

அவர் பையை இறுக்கிக் கட்டி, தூக்கிப் பார்த்து, காதில் வைத்துக் கேட்டு, அரக்கும் வைத்துக் கொண்டுபோனார். அவர் திரும்புவதற்குள் அவள் இன்னொரு தரம் சொல்லியாகிவிட்டது. அந்த ரோஷத்தில் அவர் எழுதிய கடிதம் எங்கெங்கோ போய்வந்து, கோடை முடிவதற்குள் ஆணையாகத் திரும்பியது. ஊற்றுத் தண்ணீரைப் புட்டியில் அடைத்து விற்கப் போகிறார்கள், ஊற்றின் தலைமாட்டில் நிற்கிற மர்ஜியத்துடைய வீட்டை ஊர்க்காரர்களே இடிக்க வேண்டும், கடப்பாரை இலவசம்.

அலுவலகத்து முற்றத்தில் எல்லோரையும் கூட்டினார்கள். கடப்பாரைகளைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். மர்ஜியத் முன்வரிசையில், முந்தின இரவு அழாத முகத்தோடு நின்றாள். லோக்மான் காகிதத்தை வாங்கிக் கண்ணால் ஒரு தடவை படித்தான். இரண்டு தடவை படித்தான் என்று அதில்கெரி சொல்கிறார், எனக்குத் தெரியாது.

“உரக்க வாசி,” என்றார் முத்திரைக்காரர்.

உடைய இல்லை, ஐ இல்லை. இருந்ததை வைத்து லோக்மான் உரக்க வாசித்தான்:

“மர்ஜியத் வீடு இடியுங்கள்.”

நம் ஊராக இருந்தால் மர்ஜியத் வீடு என்றாலே போதும். உருபு ஒளிந்துகொண்டு வேலை பார்க்கும், தொகை என்று அதற்குப் பெயரும் வைத்திருக்கிறோம். அவர்கள் பேச்சில் ஆள் பெயருக்குப் பின்னால் அப்படி ஒளிய இடமில்லை. உருபு இல்லாத பெயர் என்றால் கூப்பிடுகிறார்கள் என்று பொருள். வீடு என்று வெறுமனே வந்தால் ஏதோ ஒரு வீடு என்று பொருள். ஆக அந்த ஆணை அவர்கள் காதில் விழுந்தது இப்படி: மர்ஜியத், ஏதாவது ஒரு வீடு இடியுங்கள்.

அதையே லோக்மான் அடியில் எழுதினான். முத்திரைக்காரர் ஊதி, பதித்து, எடுத்தார்.

மர்ஜியத் தலையைச் சாய்த்து யோசித்தாள். “நானா இடிக்கணும்?”

“ஆமா,” என்றான் லோக்மான். “மரியாதையாத்தான் சொல்லியிருக்கு. இடியுங்கள்னு.”

“எந்த வீடு?”

“அது போடலை.”

“என்ன கேட்கிறாள்?” என்றார் அந்தப் பாஷை தெரியாத முத்திரைக்காரர்.

“எந்த வீடுன்னு கேக்கறாங்க, ஐயா,” என்று லோக்மான் அவர் பாஷையில் சொன்னான்; அந்தப் பாஷையில் உருபு எதுவும் உதிரவில்லை.

“அவளுடைய வீடு. அதைச் சொல்லித் தொலையேன்.”

“சொல்லலாம் ஐயா. அந்தச் சொல்லு உங்க பையில இருக்கு.”

முத்திரைக்காரர் கையை நீட்டி மலை உச்சியைக் காட்டினார். எல்லோரும் அவர் விரலைப் பார்த்தார்கள். அதில்கெரி முன்னால் வந்து, விரலுக்கு வேற்றுமை கிடையாது, அது அந்த வீட்டுக்குப் போ என்கிறதா, அந்த வீட்டிலிருந்து வா என்கிறதா, அந்த வீட்டில் இரு என்கிறதா என்று சொல்வதற்கில்லை, மேலும் ஆணையை வாசிக்க வேண்டும் என்றுதான் சட்டமே தவிரச் சுட்டிக்காட்ட வேண்டும் என்று இல்லை என்று விளக்கினார்.

“பையை அவிழ்த்தா நல்லபடியா வாசிக்கிறேன்,” என்றான் லோக்மான். “ஆனா ஒண்ணு, ஐயா. அவிழ்த்தா வாசகம் ‘மர்ஜியத்துடைய வீடு’ன்னுதான் ஆரம்பிக்கும். எதுவும் யாருடையதும் இல்லைன்னு சித்திரை மாசம் நீங்க முத்திரை குத்தினீங்க. இப்ப அவங்களோடதுன்னு நீங்களே சொன்னாத்தான் அவங்ககிட்டேயிருந்து பிடுங்க முடியும்.”

முத்திரைக்காரர் பழைய ஆணையைத் தேடிச் சட்டைப்பைக்குள் கைவிட்டார். அதற்குள் மர்ஜியத் சுவரில் சாய்த்திருந்த கடப்பாரைகளில் கைக்கு வாகான ஒன்றை எடுத்து, ஊரைச் சுற்றி ஒரு நோட்டம் விட்டு, எதிரே நின்ற அலுவலகத்தின் மூலைக் கல்லில் போட்டாள் ஒரு போடு. இடியுங்கள் என்பது பன்மையும் ஆகும் என்று யாருக்கோ ஞாபகம் வந்தது. மொத்த ஊரும் கடப்பாரை எடுத்தது.

நில்லுங்கள் என்று ஒரு வார்த்தை போதுமே, அதற்கு எந்த உருபு வேண்டும் என்று நீங்கள் கேட்பீர்கள். அவரும் அதைச் சொன்னார். எல்லோரும் நின்றார்கள், ஊற்றுத் தண்ணீர் வரவழைத்துக் குடித்தார்கள், ஏப்பம் விட்டார்கள், அடுத்து என்ன என்று அவரைப் பார்த்தார்கள். முத்திரை விழுந்த ஆணை பாதியில் நின்றால் அதற்கும் தண்டனை உண்டு. வீட்டை விடுங்கள் என்று அவர் வியர்த்துக்கொண்டே சொன்னதை, ‘ஐ’ இல்லாமல் லோக்மான் உரக்கச் சொன்னான்:

“வீடு விடுங்கள்.”

ஏதாவது ஒரு வீட்டை விட்டுவிடச் சொல்கிறார். ஊர் கூடிப் பேசியது. எதை விடலாம் என்று அதிக நேரம் பேசவும் இல்லை. உச்சி வீட்டை விட்டுவிட்டோம் என்று ஏகமனதாகச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பினார்கள். தகரக் கூரை ஒரு பெருமூச்சோடு சரிந்தது, உள் அறைச் சுவர் விழுந்தது, எட்டுப் பைகளும் கிழிந்தன.

சாயங்காலம் தேனீக்கள் கூட்டுக்குத் திரும்புகிற மாதிரி உருபுகள் புறப்பட்டன. சில தாடியில் உட்கார்ந்து வாயைத் தேடின. சில வயதானவர்களின் பொக்கை வாயில் இடம் பார்த்து நுழைந்தன. முத்திரைக்காரரைச் சுற்றி இரண்டு மூன்று பறந்து பார்த்துவிட்டு விலகின. எட்டாவது பையிலிருந்து வந்தது ஒன்றும் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் ஒரு மூச்சு நேரம் ஊர் முழுக்க அமைதியாக இருந்தது.

இடிந்த சுவர் மேல் உட்கார்ந்த முத்திரைக்காரர் சிரித்தார். அவருக்கு ஒன்று புரிந்துவிட்டது. காகிதத்தின் அடியில் இன்னும் இடம் இருந்தது.

“இப்போது உருபு வந்துவிட்டதல்லவா? இப்போது வாசி.”

லோக்மான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சட்டம் சொன்னபடி, ஒரு எழுத்துக் குறையாமல் வாசித்தான்: “மர்ஜியத்துடைய வீட்டை இடியுங்கள்.” அடியில் எழுதினான். அவசரத்தில் இருந்தவர் முத்திரையைப் பதித்தார்.

“மை காயட்டும்,” என்று மர்ஜியத் கையை நீட்டிக் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். ஊதினாள். “வாத்தியாரே, இதுல என்ன எழுதியிருக்கு?”

“மர்ஜியத்துடைய வீடு என்று எழுதியிருக்கிறது,” என்றார் அதில்கெரி. “அரசாங்க முத்திரை இருக்கிறது. எதுவும் யாருடையதும் இல்லை என்ற பழைய முத்திரையும் இருக்கிறது. பழையது சரி என்றால் மர்ஜியத்துடைய வீடு என்று ஒன்று உலகத்தில் இல்லை, இல்லாததை இடிக்க முடியாது. புதியது சரி என்றால் வீடு அவளுடையது, அவள் சம்மதம் இல்லாமல் இடிக்க முடியாது. இரண்டில் எது என்று மேலே எழுதிக் கேட்டுப் பதில் வர வேண்டும். இடையில் ஒன்றும் செய்வதற்கில்லை.”

மர்ஜியத் காகிதத்தை நாலாக மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள். தன் வீடு தன்னுடையது என்று முத்திரையோடு எழுதிய காகிதம் அந்த மலையிலேயே அது ஒன்றுதான்; புல்வெளித் தேசத்திலிருந்து திரும்பி வந்தவர்களுக்கு வீடு கட்ட அனுமதி கொடுத்தார்கள், வீடு உங்களுடையது என்று மட்டும் யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அது ஊருக்குப் புரிய ஓர் இரவு பிடித்தது.

காலையில் முத்திரைக்காரர் கண் விழித்தபோது, அவர் படுத்திருந்த ஜீப்பிலிருந்து ஆற்றுப் பாலம் வரைக்கும் வரிசை நின்றது.

“என்ன வேண்டும்?”

முதலில் நின்ற ஆட்டுக்காரர் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “என் வீட்டை இடிக்கச் சொல்லி ஒரு ஆணை வேணும், ஐயா,” என்றார். “இடிச்சே ஆகணும். கண்டிப்பா எழுதுங்க. பேரு மட்டும் தப்பில்லாம இருக்கட்டும்.”

அடுத்தவர் மாட்டுக் கொட்டகையையும் சேர்த்து இடிக்க வேண்டும் என்றார். ஒரு பெண் வீடு, ஆலை, பின்னால் இருக்கும் ஆப்ரிகாட் மரங்கள் ஏழு, எல்லாவற்றையும் தரைமட்டமாக்கும்படி பணிவோடு கேட்டுக்கொண்டாள். முத்திரைக்காரர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அலுவலகம் போன சமாசாரத்தை விளக்குவதற்குப் பதில், ஊர் முழுவதையும் இடிக்க ஆணையிட்டுவிட்டேன் என்று எழுதினால் மேலே சந்தோஷப்படுவார்களே தவிர ஏன் என்று கேட்க மாட்டார்கள். முழங்காலில் பலகையை வைத்து உட்கார்ந்தார். லோக்மான் வாசித்தான், எழுதினான்; அவர் குத்தினார். இன்னாருடைய வீட்டை இடியுங்கள், இன்னாருடைய வீட்டை இடியுங்கள் என்று மத்தியானம் வரைக்கும் மலை எதிரொலித்தது, ஒவ்வொருவரும் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள்.

வரிசை முடிந்தது. ஒரே ஒரு காகிதம் மிஞ்சியது. லோக்மான் பேனாவை மூடினான்.

“உனக்கு எழுதவில்லையா?” என்றார் முத்திரைக்காரர். மனம் இளகியிருந்தார்.

“நான் அலுவலகத்துல படுத்துக்கிட்டு இருந்தவன், ஐயா. எனக்கு இடிக்க வீடு இல்லை.”

மேலே ஊற்றங்கரையில் ரொட்டிக் கூடையோடு நின்றிருந்த மர்ஜியத்துக்கு அது கேட்டது. அவள் குரல் எப்போதும் மலை தாண்டும்.

“என் கொழுந்தனாரே,” என்று கூப்பிட்டாள். “ரொட்டி ஆறுது. என் காகிதத்துல ஒரு திருத்தம் இருக்கு, அவரையும் கூட்டிக்கிட்டு மேல வாங்க. நம்முடைய வீட்டை இடிக்கணும்னு மாத்தி எழுதச் சொல்லுங்க.”

முத்திரைக்காரர் மேட்டைப் பார்த்தார், மைப்பெட்டியில் எவ்வளவு மிச்சம் என்று பார்த்தார்.

“பன்மையா?” என்றார்.

“பன்மைதான்,” என்றார் அதில்கெரி. “அடித்துத் திருத்தாதீர்கள். புதிதாக எழுதுங்கள்.”